புதுசா நட்ட முல்லைக்கொடி ஏன் பழுக்குது?



இந்த மழைக்காலத்தில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த பல குழுக்களில் உறுப்பினர்கள் முல்லை, ஜாதிமல்லி, மல்லிகை நட்டிருக்கிறார்கள். சிலர் அஞ்சு சென்ட், பத்து சென்ட் நிலத்தில் வியாபாரத்துக்கு நட்டிருக்கிறார்கள். சிலர் வீட்டு வாசலில் ஒரு கொடி வைத்து, பந்தல் போட்டு, பூக்கட்டி விற்கலாம் என்று நினைத்திருக்கிறார்கள். நாங்கள் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது அதிகமாகக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "நட்டு ஒரு மாசம்தான் ஆச்சு. இலையெல்லாம் மஞ்சளா பழுத்துக் கொட்டுது. என்ன மருந்து அடிக்கட்டும்?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் பணம் இருக்கிறது, மானம் இருக்கிறது. குழுவில் உள்கடன் வாங்கி நட்டவர்களுக்குத் தவணை கட்டுகிற கவலை. வீட்டில், "இதெல்லாம் உனக்கு எதுக்கு, அப்பவே சொன்னேன்ல" என்ற பேச்சு. அதையும் தாண்டி சில வீடுகளில் கொடி பழுத்ததற்கு மருமகள் மேல் பழி. அதைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் கட்டாயம் பேசப்போகிறோம்.

முதலில் ஒரு விஷயம். இலை பழுப்பது ஒரு நோயின் பெயர் இல்லை. அது ஒரு அறிகுறி. நமக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி. காய்ச்சல் சளியாலும் வரும், மலேரியாவாலும் வரும், டெங்குவாலும் வரும். எல்லாத்துக்கும் ஒரே மாத்திரை போட்டால் சரியாகுமா? ஆகாது. கொடிக்கும் அப்படித்தான். காரணம் தெரியாமல் மருந்து வாங்கினால் காசும் போகும், கொடியும் போகும்.

இலை பச்சையாக இருப்பது எப்படி?

இலைக்குப் பச்சை நிறம் கொடுப்பது பச்சையம். அதை வைத்துத்தான் செடி வெயிலில் தன் சாப்பாட்டைச் சமைக்கிறது. பச்சையம் உண்டாகத் தழைச்சத்து வேண்டும், மெக்னீசியம் வேண்டும், இரும்புச்சத்தும் வேண்டும். இவற்றை மண்ணிலிருந்து எடுத்து மேலே அனுப்புவது வேர். ஆகவே இலை பழுத்தால் மூன்று கேள்வி கேட்கணும். மண்ணில் சத்து இருக்கா? இருந்தாலும் வேர் எடுக்கிற நிலையில் இருக்கா? வேரே நல்லா இருக்கா?

இரும்புச்சத்து பற்றி நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கர்ப்பமாக இருக்கும்போது சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கா? நம் உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் ரத்தசோகை வந்து முகம் வெளுக்கும். கொடியில் இரும்புச்சத்து குறைந்தால் தளிர் வெளுக்கும். ஏறக்குறைய ஒரே கதைதான்.

முதல் மூன்று வாரம் பயப்பட வேண்டாம்

நாற்றுப்பண்ணையில் நிழலில், பையில் வளர்ந்த செடியைக் கொண்டுவந்து வெயிலில் நடுகிறோம். எடுக்கும்போதும் நடும்போதும் சின்னச் சின்ன வேர்கள் அறுந்து போகும். இருக்கிற வேரால் எல்லா இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. அதனால் செடியே அடியில் இருக்கிற இரண்டு மூன்று இலைகளைப் பழுக்க விட்டு உதிர்த்துவிடும். புதுசா கல்யாணம் ஆகி வந்த பெண் புது ஊர்த் தண்ணி ஒத்துக்கொள்ள கொஞ்ச நாள் எடுப்பது போலத்தான் இதுவும்.

நட்டு இரண்டு மூன்று வாரத்துக்குள் அடி இலை சில உதிர்ந்து, நுனியில் புதுத் தளிர் பச்சையாக வந்தால் கொடி பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த நேரத்தில் உரம் வைக்காதீர்கள். வெயில் ரொம்ப அடித்தால் ஒரு தென்னை ஓலையைச் சாய்த்து வைத்து நிழல் கொடுங்க, போதும்.

மூன்று வாரத்துக்குப் பிறகும் பழுப்பு ஏறிக்கொண்டே போனால் மட்டும்தான் காரணம் தேடணும்.

எந்த இலை பழுக்குது? எப்படிப் பழுக்குது?

கொடி முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்க. காலை வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. கீழ்க்கண்டவற்றில் எது உங்க கொடிக்குப் பொருந்துகிறது?

1. அடியிலிருக்கிற முதிர்ந்த இலை முழுசும் ஒரே மாதிரி வெளிர் மஞ்சள். நுனித் தளிர் ஓரளவு பச்சை. வளர்ச்சி மந்தம். இது தழைச்சத்துக் குறைவு.

2. நுனித் தளிர் மஞ்சள், ஆனால் இலை நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. அடி இலை பச்சையாகவே இருக்கிறது. இது இரும்புச்சத்துக் குறைவு. முற்றினால் தளிர் வெள்ளையாகவே வரும்.

3. அடி இலையில் நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் மட்டும் மஞ்சள். இது மெக்னீசியக் குறைவு.

4. மண் ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனால் கொடி வாடித் தொங்குகிறது. இலை மேலும் கீழும் பழுக்கிறது. இது தண்ணீர் தேங்கியதால் இருக்கலாம், வேர் அழுகலாக இருக்கலாம்.

5. இலையில் ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்ன மஞ்சள் புள்ளி. இலையைத் திருப்பினால் அடியில் மெல்லிய நூலாம்படை. இது செஞ்சிலந்திப் பேன்.

6. மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து, இலை சுருங்கிச் சிறுத்துப் போகிறது. இது நச்சுயிரி நோயாக இருக்கலாம். இதற்கு மருந்து கிடையாது. அதிகாரிகளிடம் காட்டி உறுதி செய்துகொண்டு அந்தச் செடியை மட்டும் பிடுங்கி அழிக்கணும். அதிலிருந்து குச்சி வெட்டிப் பதியம் போடக் கூடாது.

முதல் இரண்டையும் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? தழைச்சத்து செடிக்குள் இடம் மாறும். பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதுத் தளிருக்குக் கொடுத்துவிடும். தாய் தன் தட்டில் இருப்பதைப் பிள்ளைக்கு ஊட்டுவது போல. அதனால் முதலில் வாடுவது அடி இலை. இரும்புச்சத்து அப்படி நகராது. பழைய இலை தன்னிடம் இருப்பதை விட்டுக் கொடுக்காது. அதனால் பட்டினி கிடப்பது தளிர். "அடி பழுத்தால் தழைச்சத்து, நுனி வெளுத்தால் இரும்பு" என்று சொல்லி வைத்துக்கொள்ளுங்க.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீர்: பாசம் கூடினாலும் ஆபத்து

புதுக்கொடி பழுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். கொடி வாடினாலே இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறோம். வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகின வேர் தண்ணீரை எடுக்காது, அதனால் கொடி மேலும் வாடும். நாம் மேலும் ஊற்றுவோம்.

இதற்கு விரல் சோதனை செய்யுங்க. கொடிக்கு ஒரு சாண் தள்ளி ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்க. ஈரம் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். உலர்ந்து இருந்தால் ஊற்றுங்க. மணல் கலந்த செம்மண்ணில் சீக்கிரம் காயும். கரிசலிலும் களிமண்ணிலும் நாலைந்து நாள்கூட ஈரம் நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா தினம் ஊற்றுகிறார் என்று நாமும் ஊற்றக் கூடாது. அவங்க மண் வேறு, நம்ம மண் வேறு.

தண்டைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் மேடாக அணைத்து, அதற்கு வெளியே வட்டப்பாத்தி எடுத்து, அதில் தண்ணீர் விடுங்க. தண்டின் மேல் தண்ணீர் நிற்கக் கூடாது. மழை பெய்து தேங்கினால் பாத்தியில் ஒரு பக்கம் வெட்டி வடித்துவிடுங்க.

வாசலில் கொடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோப்புப் பொடி போட்டுத் துணி துவைத்த தண்ணீரையும், பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரையும் நேராகக் கொடியின் வேரில் கொட்டாதீங்க. அதில் இருக்கிற சோடாவும் உப்பும் மண்ணைக் கெடுக்கும். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் தாராளமாக ஊற்றலாம்.

தழைச்சத்து: கைப்பிடி யூரியா வேண்டாம்

அடி இலை பழுத்தால் தழைச்சத்து கொடுக்கணும், சரி. ஆனால் எவ்வளவு? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வளர்ந்த மல்லிகைச் செடி ஒன்றுக்கு ஒரு வருஷத்துக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து பரிந்துரைக்கிறது. அதையும் இரண்டாகப் பிரித்து வைக்கச் சொல்கிறது. 60 கிராம் தழைச்சத்து என்றால் சுமார் 130 கிராம் யூரியா. ஒரு தடவைக்கு 65 கிராம்.

நாம் ஒரு கைப்பிடி யூரியா அள்ளினால் கைக்குத் தகுந்தபடி 40, 50 கிராம் வரும். அதாவது வளர்ந்த செடிக்கு அரை வருஷத்துக்கு வைக்கிற அளவில் பெரும்பங்கை, பால் குடிக்கிற குழந்தை மாதிரி இருக்கிற செடிக்கு ஒரே தடவையில் வைக்கிறோம். தண்டு ஓரத்தில் கொட்டினால் இளம் வேர் கருகிப்போகும். இலை ஓரம் தீய்ந்து கொட்டும்.

புதுக்கொடிக்கு நன்றாக மக்கிய தொழுவுரம் இரண்டு கை, அல்லது மண்புழு உரம் இரண்டு கை, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து மண்ணால் மூடி, தண்ணீர் விடுங்க. மாதம் ஒருமுறை போதும். செடி நன்றாகத் தழைத்த பிறகு உர அட்டவணைப்படி போகலாம்.

பச்சைச் சாணியைக் கொண்டுபோய் வேரில் போடாதீங்க. அது மண்ணுக்குள் மக்கும்போது சூடு உண்டாகும். சாணிக்குள் இருக்கிற புழுக்கள் வேரையும் தின்னும். மக்காத மரத்தூள், தேங்காய் நார்க் கழிவு போட்டாலும் பிரச்சனைதான். அவற்றை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். கொடிக்கு மிச்சம் இருக்காது.

இரும்புச்சத்து: மண்ணில் இருந்தும் எட்டாத சத்து

"எங்க மண்ணே செக்கச் செவேல்னு இரும்பு மண்ணு. அதில் எப்படி இரும்பு குறையும்?" என்று ஒரு குழுவில் கேட்டார்கள். நல்ல கேள்வி. மண்ணில் இரும்பு இருக்கும், வேருக்கு எட்டாது. மண்ணில் சுண்ணாம்பும் உவர்ப்பும் அதிகமானால் இரும்பு கரையாமல் கெட்டிப்பட்டுவிடும். பெட்டியில் பணம் இருக்கு, சாவி இல்லை என்கிற கதை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடத்தில் வெள்ளையாகப் படிகிறது என்றால், அந்தத் தண்ணீரே வருஷக்கணக்கில் மண்ணுக்குச் சுண்ணாம்பு சேர்க்கும்.

புது வீடு கட்டினவர்கள் இதைக் கவனிங்க. சுவர் ஓரத்தில் கொடி நட்டால் பந்தலுக்கு வசதி என்று நடுகிறோம். அந்த இடத்தில்தான் கட்டட வேலையில் மிச்சமான சிமெண்ட் கலவை, காரை, வெள்ளையடித்த சுண்ணாம்பு எல்லாம் புதைந்து கிடக்கும். அதில் வேர் விட்ட கொடி நுனி வெளுக்காமல் என்ன செய்யும்? அங்கே நடுவதானால் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்துக்குக் குழி எடுத்து, அந்த மண்ணை வெளியே போட்டுவிட்டு, நல்ல செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பி நடுங்க.

நுனி வெளுத்த கொடிக்கு அன்னபேதி உப்பு தெளிக்கணும். பெரஸ் சல்பேட் என்று உரக்கடையில் கிடைக்கும். அளவு இதுதான்:

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம். பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம். கூடவே லிட்டருக்கு 1 கிராம் எலுமிச்சை உப்பு சேர்த்தால் இரும்பு கெட்டிப்படாமல் இலைக்குள் போகும். சின்னச் செடிகளாக இருந்தால் பத்து லிட்டர் நூறு செடிக்கு வரும்.

மாலை நேரத்தில், இலையின் இரண்டு பக்கமும் நனைகிற மாதிரி தெளிங்க. கலக்கினதை அன்றைக்கே பயன்படுத்தணும். மறுநாள் வைத்தால் செம்பழுப்பாக மாறி வீணாகிவிடும். கடையில் வாங்கும்போதே பாருங்க, உப்பு வெளிர் பச்சையாக இருக்கணும். துருப்பிடித்த நிறத்தில் இருந்தால் வாங்காதீங்க. மாதம் ஒருமுறை, புதுத் தளிர் பச்சையாக வரும்வரை தெளிக்கலாம். ஏற்கெனவே ரொம்ப வெளுத்துப்போன இலை திரும்பவும் முழுசாகப் பச்சையாகாது. பலன் தெரிவது புதுத் தளிரில்தான்.

மெக்னீசியக் குறைவு என்றால் மெக்னீசியம் சல்பேட் தெளிப்பார்கள். ஆனால் மண் பரிசோதனை செய்த பிறகு செய்வதே நல்லது.

வேர் அழுகல், நூற்புழு: மேலே பார்த்தால் தெரியாது

தண்ணீரைக் குறைத்தும் கொடி தேறவில்லையா? சாகிற நிலையில் இருக்கிற ஒரே ஒரு செடியைத் தோண்டி எடுத்து வேரைப் பாருங்க. ஒன்றைத் தியாகம் செய்தால் மற்றதைக் காப்பாற்றலாம்.

வேர் வெள்ளையாக, உறுதியாக இருந்தால் நல்லது. கறுப்பாகி, கையால் இழுத்தால் தோல் உரிந்து வந்து, நாற்றம் அடித்தால் அது வேர் அழுகல் நோய். பூஞ்சாணத்தால் வருவது. காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து, நோய் வந்த செடியையும் சுற்றியிருக்கிற செடிகளையும் சேர்த்து வேர் நனைய ஊற்றணும். முழுசாகச் செத்த செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்க. வராமல் தடுக்க, நடும்போதே டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுவுரத்தில் கலந்து குழியில் போடலாம். அது கெட்ட பூஞ்சாணத்தை அழிக்கிற நல்ல பூஞ்சாணம். இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீங்க. காப்பர் மருந்து நல்ல பூஞ்சாணத்தையும் கொன்றுவிடும்.

வேரில் பாசிமணி கோத்த மாதிரி சின்ன முடிச்சுகள் இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு. இது இருந்தால் உரம் எவ்வளவு போட்டாலும் கொடி மஞ்சளாகவே நிற்கும். செடிக்கு 100 முதல் 250 கிராம் வரை வேப்பம்புண்ணாக்கைத் தூள் செய்து, தண்டிலிருந்து தள்ளிப் போட்டுக் கொத்திவிடுங்க. வரிசைக்கு நடுவில் துலுக்கச் சாமந்தி நடுங்க. அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும், பூவும் விற்கும். ஊடுபயிராகத் தக்காளி, கத்திரி, வெண்டை போடாதீங்க. அவை நூற்புழுவுக்கு விருந்து.

முன்பெல்லாம் நூற்புழுவுக்குப் போரேட் என்கிற குருணை மருந்தைப் போடச் சொல்வார்கள். பழைய புத்தகங்களில் இன்றும் அப்படியே இருக்கும். அந்த மருந்து மனிதருக்குக் கொடிய விஷம். 2020 டிசம்பர் 31-லிருந்து இந்தியா முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. வீட்டில் பழைய பாக்கெட் இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, தோட்டக்கலை அலுவலரிடம் சொல்லுங்க.

சிலந்திப்பேன்

இது பெரும்பாலும் வெயில் காலத்தில் வரும். ஆரம்பத்தில் இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே குறையும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். அடங்கவில்லை என்றால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். வேப்ப எண்ணெய் அடித்த உடனேயும் கந்தகம் வேண்டாம்.

"தீட்டு பட்டதால் பழுத்துவிட்டது" என்பது உண்மையா?

இதை எழுதாமல் விட முடியாது. பல ஊர்களில், மாதவிலக்கான பெண் தொட்டால் பூச்செடி பட்டுவிடும், முல்லையும் மல்லிகையும் பழுத்துவிடும் என்று நம்புகிறார்கள். கொடி பழுத்ததும், "நீதான் அந்த நாள்ல தொட்டிருப்பே" என்று மருமகளையோ வயசுக்கு வந்த மகளையோ திட்டுகிறார்கள். தோட்டத்துக்கே வரக்கூடாது என்கிறார்கள். பெரியவர்களைக் குறை சொல்வது எங்கள் நோக்கமில்லை. அவர்களுக்கு அப்படிச் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்க. இலை பழுக்கிற காரணங்களை மேலே வரிசையாகப் பார்த்தோம். தண்ணீர், தழைச்சத்து, இரும்பு, பூஞ்சாணம், நூற்புழு, பேன், நச்சுயிரி. இதில் எது பெண்ணின் உடம்பிலிருந்து வருகிறது? எதுவும் இல்லை. மாதவிலக்கு உடம்பின் இயல்பான வேலை. கையிலிருந்து செடிக்குப் போகிற விஷம் எதுவும் அதில் கிடையாது. பெரிய பூத்தோட்டங்களில் தினமும் விடியற்காலையில் பூப்பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாதம் முப்பது நாளும் அவர்கள் கை பட்டுத்தான் மதுரைக்கும் நிலக்கோட்டைக்கும் தோவாளைக்கும் பூ போகிறது. அந்தக் கொடிகள் பட்டா போய்விட்டன?

இன்னொன்றும் கவனித்தோம். தண்ணீர் ஊற்றுவது யார்? அந்தப் பெண்தான். அவளை மூன்று நாள் தோட்டத்துக்கு வரக்கூடாது என்று நிறுத்திவிட்டால், வேறு யாரும் ஊற்றுவதில்லை. வேர் பிடிக்காத புதுக்கொடி மூன்று நாள் வெயிலில் காய்ந்தால் வாடும், பழுக்கும். அப்போது பழி யார் மேல்? திரும்பவும் அவள் மேல்தான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் சண்டை போட வேண்டாம், சோதித்துப் பாருங்க. ஒரே நாளில், ஒரே மண்ணில், ஒரே நாற்றுப்பண்ணைச் செடி ஆறு நடுங்க. மூன்றுக்கு எல்லா நாளும் அவரே தண்ணீர் ஊற்றட்டும். மூன்றுக்கு அந்த நாட்களில் வேறு ஒருவர் அதே அளவு ஊற்றட்டும். மூன்று மாதம் கழித்து மாமியாரும் மருமகளும் சேர்ந்தே பாருங்க.

மருந்துக்கடைக்குப் போகும்முன்

பழுத்த இலை, பச்சை இலை, தளிர் மூன்றையும் ஒரு கிளையோடு எடுத்துக்கொண்டு முதலில் உங்கள் பகுதி உதவித் தோட்டக்கலை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ பாருங்க. கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. கட்டணமில்லை, தமிழிலேயே கேட்கலாம். மண் பரிசோதனை செய்து மண்வள அட்டை வாங்குங்க. இந்த அட்டைத் திட்டம் 2015-ல் தொடங்கியது. மண்ணின் கார அமிலத் தன்மை 6.5-லிருந்து 7.5-க்குள் இருந்தால் மல்லிகை வகைகளுக்கு நல்லது.

"இது சத்து, இது பூச்சி, இது நோய், மூணையும் கலந்து அடிங்க" என்று நாலு பாட்டில் கொடுத்தால் வாங்காதீங்க. காரணம் ஒன்றுதான் என்றால் மருந்தும் ஒன்றுதான். பில் கட்டாயம் கேளுங்க.

மருந்து தெளிக்கும்போது கை, வாய் மூடிக்கொள்ளணும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் தெளிக்கக் கூடாது. சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. பூக்கட்டும்போது நாரைப் பல்லில் கடிக்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதனால் மருந்து அடித்த பூவை உடனே பறித்துக் கட்டாதீங்க. டப்பாவில் எழுதியிருக்கிற இடைவெளி நாட்களைப் படித்த பிள்ளைகளைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

இனி நடுபவர்களுக்கு

நடவுக்கு ஜூன் முதல் நவம்பர் வரை ஏற்ற காலம். தண்ணீர் தேங்காத, நல்ல வெயில் படுகிற இடம் வேண்டும். முல்லைக்குச் செடிக்குச் செடி 1.5 மீட்டர், அதாவது ஐந்து அடி இடைவெளி விடுங்க. குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் போட்டு, சில நாள் ஆறவிட்டு நடுங்க. பாலித்தீன் பையை முழுசாகக் கிழித்து எடுத்துவிட்டு நடுங்க. பையோடு நட்டால் வேர் உள்ளேயே சுருண்டு, சில மாதத்தில் கொடி பழுக்கும். பையில் இருந்த ஆழத்துக்கே நடணும், தண்டைப் புதைக்கக் கூடாது. நட்ட அன்றே கொம்பு ஊன்றி, துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்டுங்க. காற்றில் ஆடுகிற செடிக்கு வேர் பிடிக்காது. முல்லைக்கொடி பற்றிப் படர ஏதுமில்லையே என்று தன் தேரையே நிறுத்திவிட்டுப் போனவர் பறம்பு மலைப் பாரி. நமக்குத் தேர் வேண்டாம், ஒரு மூங்கில் குச்சி போதும். அவர் பெயரிலேயே பாரிமுல்லை என்று ஒரு ரகமும் இருக்கிறது.

குழுவாக என்ன செய்யலாம்?

கொடி பழுக்கிறது என்று ஒரு உறுப்பினர் சொன்னால், தவணையைப் பற்றிப் பேசும்முன் ஊக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் போய்த் தோட்டத்தைப் பாருங்க. மல்லிகை வகைகள் முதல் வருஷம் பெரிய வருமானம் தராது. நன்றாகப் பராமரித்தால் பத்து வருஷத்துக்கு மேல் பூக்கும். நட்ட மூன்றாம் மாதமே முழுத் தவணை கேட்டால் அவர் வட்டிக்கு வெளியே கடன் வாங்குவார், அல்லது கொடியைப் பிடுங்கிவிடுவார். முதல் ஆறு மாதம் சின்னத் தவணை, பூ வந்த பிறகு கூடுதல் தவணை என்று கூடிப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம்.

ஒரு கைத்தெளிப்பான், ஒரு கிலோ அன்னபேதி, கொஞ்சம் டிரைக்கோடெர்மா குழுவுக்குப் பொதுவாக வாங்கி வைத்தால் ஒவ்வொருவரும் தனியாகச் செலவழிக்க வேண்டாம். நாற்றும் சேர்ந்தே வாங்குங்க. வாங்கும்போது ஒரு பையையாவது கிழித்து, வேரில் முடிச்சோ அழுகலோ இருக்கா என்று பாருங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மூன்று கேள்வியையும் பேசுங்க:

நம் குழுவில் யார் யார் கொடி பழுக்கிறது? அடி இலையா, நுனித் தளிரா?

நம் ஊர்த் தண்ணீர், மண் எப்படி? யார் மண் பரிசோதனை செய்திருக்கிறார்கள்?

கொடி பழுத்ததற்காக நம் வீட்டில் யாராவது பேச்சு வாங்கினார்களா? அவருக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்?

பேசினதைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்க. பழுத்த கொடியைப் பிடுங்க அவசரப்படாதீங்க. தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்க. உள்ளே பச்சை தெரிந்தால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது.